இழுத்தால் ஒளி மாறும் ரப்பரை வைத்து விரலுக்கு ஒரு சென்சார் செய்ய முடியுமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருமங்கலம் பக்கத்திலிருந்து பொறியியல் இறுதியாண்டு படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அப்பத்தாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விரல்கள் சரியாக மடங்குவதில்லை. நாற்பது வருஷம் பூக்கட்டிய கை. பிசியோதெரபி நடக்கிறது. ஆனால் நேற்றைவிட இன்று விரல் எவ்வளவு கூடுதலாக மடங்கியது என்று வீட்டில் யாராலும் சொல்ல முடியவில்லை. இழுத்தால் ஒளி ஊடுருவும் தன்மை மாறுகிற பாலிமர் (ரப்பர், பிளாஸ்டிக் வகைப் பொருள்) ஒன்றை வீடியோவில் பார்த்தாராம், அதை விரலில் மாட்டி அளக்க முடியுமா, அது எப்படி வேலை செய்கிறது, கல்லூரியிலேயே செய்துவிடலாமா என்பது அவர் கேள்வி.

முடியும். ஒரு மாதம் பொறுமையாக உட்கார்ந்தால் உங்கள் கல்லூரி லேபிலேயே செய்துவிடலாம். ஆனால் வீடியோவில் பார்த்த அந்தப் பளிச்சென்று மாறும் பொருளைச் செய்யப் போகாதீர்கள் என்பதுதான் என் முதல் யோசனை. கண்ணுக்கு அழகாக மாறுவது வேறு, நம்பி அளக்கக்கூடியது வேறு. சிலிக்கோன் ரப்பரை வார்ப்பதும் இழுப்பதும் அளப்பதுமாகப் பல வருஷம் ஓட்டியவன் நான். அதனால் சில இடங்களில் நீட்டி எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூக்கட்டும் வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கிருந்தே ஆரம்பிக்கலாம். ஒரு மல்லி இதழை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெதுவாக நசுக்கிப் பாருங்கள். நசுங்கிய இடத்தில் வெள்ளை போய்விடும். ஈரமான கண்ணாடித் தாள் மாதிரி ஆகி, அடியில் இருக்கும் விரல் ரேகை தெரியும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் காலையில் மிதிபட்டுக் கிடக்கும் பூவைக் கவனித்தாலும் இது தெரியும். அப்படியானால் அந்த வெள்ளை எங்கே போனது? வெள்ளைச் சாயம் என்று எதுவும் அந்த இதழில் இருந்ததே இல்லை. இதழின் செல்களுக்கு இடையே காற்று அடைபட்டிருக்கிறது. ஒளி செல்லுக்குள் போய், காற்றுக்கு வந்து, மறுபடி செல்லுக்குள் போய் என்று ஒவ்வொரு எல்லையிலும் கொஞ்சம் திரும்பி, கொஞ்சம் வளைந்து, நாலா பக்கமும் சிதறிவிடுகிறது. எல்லா நிறமும் ஒரே மாதிரி சிதறி வந்தால் நமக்கு அது வெள்ளை. நசுக்கும்போது காற்று வெளியேறி அந்த இடத்தைச் செல்லின் சாறு நிரப்புகிறது. எல்லைகள் அழிந்துபோகின்றன. ஒளி நேராகப் போய்விடுகிறது.

இதை எண்ணில் சொல்ல ஒளிவிலகல் எண் என்று ஒன்று இருக்கிறது. காற்றுக்கு 1.00, தண்ணீருக்கு 1.33, சமையல் எண்ணெய்க்குச் சுமார் 1.47. அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பொருள்களின் எண்ணும் எவ்வளவு விலகியிருக்கிறதோ அவ்வளவு சிதறல். வடை மடித்த பேப்பரில் எண்ணெய் பட்ட இடம் ஒளி ஊடுருவுவதும் இதனால்தான். காகித நாரின் எண் 1.5-ஐ ஒட்டியது. நாருக்கு நடுவே காற்று இருந்த இடத்தில் 1.47 உள்ள எண்ணெய் போய் உட்கார்ந்ததும் வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லாமல் போய்விடுகிறது. ஜிகர்தண்டா கடையில் ஐஸ் கட்டி கண்ணாடியாக இருப்பதும், அதையே சீவினால் வெள்ளையாவதும் இதே கதைதான்.

மதுரையில் உட்கார்ந்து இதைப் பேசும்போது கண்புரையை விட்டுவிட முடியாது. கண் லென்ஸில் உள்ள புரதங்கள் திரண்டு கட்டிகளாகி ஒளியைச் சிதறடிப்பதுதான் புரை. 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி இங்கே அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992-ல் அரவிந்தின் தயாரிப்புப் பிரிவான ஆரோலேப் வந்து, கண்ணுக்குள் வைக்கும் பாலிமர் லென்ஸை மதுரையிலேயே செய்ய ஆரம்பித்தார்கள். ஒளி சிதறாத பாலிமரைச் செய்யும் வேலை இந்த ஊருக்குப் பழகியது என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு. நீங்கள் கேட்பது அதற்கு ஒரு படி மேலே. இழுத்தால் ஒரு மாதிரியும் விட்டால் ஒரு மாதிரியும் ஒளியை விடுகிற பாலிமர், அதுவும் ஆயிரக்கணக்கான தடவை.

சரி, இழுப்பதால் ஒளி எப்படி மாறும்? நான்கு வழிகள் முக்கியமானவை.

எல்லாருக்கும் தெரிந்த வழி பலூன். சித்திரைத் திருவிழாவில் விற்கும் சிவப்பு பலூனை ஊதுவதற்கு முன் பார்த்தால் கெட்டியான சிவப்பு, பின்னால் இருப்பது தெரியாது. ஊதியதும் வெளுத்து, அந்தப் பக்கம் நிற்கிற ஆள் தெரிவார். சாயம் எங்கும் போகவில்லை, ரப்பர்தான் மெலிந்துவிட்டது. ஒளி கடக்கவேண்டிய தூரம் குறைந்ததால் உறிஞ்சப்படுவதும் குறைந்தது.

அடுத்தது துளை திறப்பது. சிலிக்கோன் ரப்பருக்கு ஒளிவிலகல் எண் சுமார் 1.41. அதற்குள் சில நூறு நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் நானோமீட்டர்) அளவுள்ள சிலிக்கா மணிகளைக் கலந்தால், அவற்றின் எண் 1.46-ஐ ஒட்டி இருப்பதால் பொருள் ஓரளவு தெளிவாகவே இருக்கும். இப்போது இழுங்கள். ரப்பர் நீளும், மணி நீளாது. பிசைந்த மாவுக்குள் பட்டாணியை வைத்து இழுத்தால் பட்டாணியின் இரண்டு பக்கமும் மாவு விலகி இடைவெளி விழுமே, அதேதான். அந்த இடைவெளியின் எண் 1.00. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400-லிருந்து 700 நானோமீட்டர். இடைவெளிகளும் அதே அளவில் இருப்பதால் சிதறல் பலமாக இருக்கும். தெளிவாக இருந்த தாள் பால் மாதிரி ஆகிவிடும். விட்டால் இடைவெளி மூடி மறுபடி தெளியும். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஷூ யாங் குழு 2015-ல் இதை ஜன்னல் கண்ணாடிக்கான பொருளாகச் செய்து காட்டியது. நீங்கள் வீடியோவில் பார்த்தது பெரும்பாலும் இந்த வகையாகத்தான் இருக்கும். பிளாஸ்டிக் வாளியின் கைப்பிடி மடங்கிய இடத்தில் வெள்ளைக் கோடு விழுவதும் இதற்குச் சொந்தம்தான், ஆனால் பிளாஸ்டிக்கில் அது திரும்புவதில்லை.

மூன்றாவது சுருக்கமும் மடிப்பும். ரப்பரை இழுத்துப் பிடித்து, மேலே மெல்லிய விறைப்பான படலம் ஒன்றை உண்டாக்கியபின் பிடியை விட்டால், படலம் சுருங்க மாட்டாமல் அலை அலையாக மடியும். அலைகள் ஒளியைச் சிதறடிக்கும். மறுபடி இழுத்தால் அலை நிமிர்ந்து தெளியும். இதையே எதிர்த்திசையில், அதாவது இழுக்கும்போது வெடிப்பும் மடிப்பும் விழுந்து மங்குகிற மாதிரி, 2016-ல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் லுயி சன் குழு செய்தது. அவர்களுக்கு அந்த யோசனையைத் தந்தது கணவாய் மீன் இனம். கணவாயின் தோலில் சின்னச் சின்ன நிறப் பைகள் உண்டு. சுற்றியுள்ள தசை இழுத்தால் புள்ளியாக இருந்த பை வட்டமாக விரியும்.

நாலாவது வெடிப்பு. நம் ஊர் கண்மாய் வற்றினால் களிமண் பாளம் பாளமாக வெடிக்குமே, அப்படி. நீளும் ரப்பரில் கார்பன் நானோகுழாய்களை, அதாவது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கரிக் குழாய்களைப் பதித்து, கருப்பாக ஒளியை மறைக்கும் அடுக்கு ஒன்றை வைக்கிறார்கள். இழுத்தால் அந்த அடுக்கில் நுண்ணிய வெடிப்புகள் அகலமாகி ஒளி வழியும். ஒரு பக்கம் எல்இடி, மறுபக்கம் ஒளியை அளக்கும் போட்டோடயோடு. தென்கொரியாவில் கெய்ஸ்ட் நிறுவனத்தில் 2020-ல் இதை உடம்பில் அணியும் சென்சாராகவே செய்து காட்டினார்கள். உங்கள் தேவைக்கு ஆராய்ச்சி உலகில் ரொம்பக் கிட்டத்தில் இருப்பது இதுதான்.

மூலக்கூறே உடைந்து நிறம் மாறுகிற வகை ஒன்றும் இருக்கிறது. 2009-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்பைரோபைரான் என்ற மூலக்கூறை வைத்துக் காட்டினார்கள். அது அழகான வேதியியல், ஆனால் உங்கள் வேலைக்கு ஒத்துவராது. விட்டுவிடலாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த நான்கில் எதை எடுப்பது? மாற்றம் அதிகமாகத் தெரிவது துளை திறப்பதும் சுருக்கம் நிமிர்வதும்தான். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் முதலில் தொடுவார்கள். நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். மேற்பரப்பில் சுருக்கம் வைத்த ஒரு தாளை முழங்கையில் ஒட்டிக்கொண்டு மே மாதம் ஒரு மத்தியானம் அளந்துகொண்டிருந்தேன். முதல் பத்து நிமிடம் அருமையாக வந்தது. அப்புறம் கையை அசைக்காமலே எண் ஏறிக்கொண்டே போனது. தாளைக் கழற்றிப் பார்த்தால் சுருக்கத்துக்குள் வியர்வை. 1.00 இருந்த இடத்தில் 1.33 போய் உட்கார்ந்திருக்கிறது. மல்லி இதழை நசுக்கினால் நடப்பது அங்கேயும் நடந்திருக்கிறது, இழுக்காமலேயே தெளிந்துவிட்டது. வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் தோலை ஒட்டி வைக்கிற எதையும் இந்தக் கேள்வியோடுதான் பார்க்கவேண்டும்: இதற்குள் வியர்வை போக முடியுமா?

துளை வகையில் துளை உள்ளேயே அடைபட்டிருப்பதால் வியர்வைத் தொல்லை குறைவு. ஆனால் சிதறிய ஒளி எல்லாத் திசையிலும் போகிறது. போட்டோடயோடு அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் எண் மாறும். அதோடு, குறிப்பிட்ட அளவு இழுக்கும்வரை மணியும் ரப்பரும் பிரியவே பிரியாது. ஆரம்பத்தில் கொஞ்சம் மடங்குவதை அது காட்டாது. உங்கள் அப்பத்தாவின் விரலில் நீங்கள் பார்க்கவேண்டியதே அந்த ஆரம்பக் கொஞ்சத்தைத்தான்.

அதனால் நான் சொல்வது பலூன் வழி. சாயம் கலந்த ரப்பர், இழுத்தால் மெலியும், அவ்வளவுதான். பார்க்க ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே காற்றும் இல்லை, வெடிப்பும் இல்லை, வியர்வை நுழைய இடமும் இல்லை. எவ்வளவு இழுத்தால் எவ்வளவு ஒளி என்று பேப்பரில் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம்.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ரப்பரை இழுத்தால் அதன் கனஅளவு கிட்டத்தட்ட மாறாது. இரண்டு மடங்கு நீளமாக இழுத்தால் அகலமும் தடிமனும் ஒரே அளவில் குறைந்து, தடிமன் 0.71 பங்காகும், அதாவது இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்தது. பியர்-லாம்பர்ட் விதிப்படி தடிமனோடு நேராகக் குறைவது உறிஞ்சல் எண், அதாவது கடந்து வரும் ஒளிப் பங்கின் மடக்கை (லாகரிதம்). இழுக்காதபோது 10 சதவீத ஒளியை விடும் தாள், இரண்டு மடங்கு இழுத்தால் ஏறக்குறைய 20 சதவீதத்தை விடும்.

விரல் அவ்வளவு இழுக்காது. நடு மூட்டின் அச்சிலிருந்து மேல்தோல் வரை சுமார் 1 சென்டிமீட்டர் என்று வையுங்கள். 90 டிகிரி மடக்கினால் மூட்டின் முதுகுப் பக்கம் சுமார் 16 மில்லிமீட்டர் நீளும். பட்டையின் இழுபடும் நீளம் 60 மில்லிமீட்டர் என்றால் அது 26 சதவீத இழுவை. தடிமன் 0.89 பங்காகும், 10 சதவீத ஒளி 13 சதவீதமாகும். ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன மின்னணுப் பலகை, போட்டோடயோடில் விழும் ஒளியை 0-லிருந்து 1023 வரையான எண்ணாகத் தரும். நீட்டிய விரலில் 400 வருமாறு வைத்துக்கொண்டால் முழுதாக மடக்கும்போது 514 வரும். 90 டிகிரிக்கு 114 எண், அதாவது டிகிரிக்கு ஒன்றுக்கு மேல். உங்கள் அப்பத்தாவின் விரல் ஐந்து டிகிரி கூடுதலாக மடங்கினால் தெரிந்துவிடும். இன்னும் கருப்பாகச் செய்தால் மாற்றமும் கூடும். 3 சதவீதம் விடும் தாள் என்றால் அதே இழுவைக்கு ஒளி கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகும். ஆனால் வரும் ஒளி குறைவு, மின்னணு இரைச்சல் தலைதூக்கும். முதலில் 10-ல் ஆரம்பியுங்கள்.

இங்கே ஒரு இடத்தில் நிறையப் பேர் குழம்புவார்கள். ஒளியைத் தடிமன் வழியாக விட்டால் இழுக்க இழுக்க ஒளி கூடும். அதே பட்டையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு நீளவாக்கில் விட்டால் தூரம் கூடுகிறது, ஒளி குறையும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஷெப்பர்ட் குழு 2016-ல் செயற்கைக் கை ஒன்றுக்குள் நீளும் சிலிக்கோன் ஒளிக்குழாய்களை ஓட்டியது இந்த இரண்டாவது முறையில்தான். அதுவும் நல்ல வழி. ஆனால் குழாய்க்கு உறை வார்க்கவேண்டும், முனையில் எல்இடியைப் பதிக்கவேண்டும். முதல் முயற்சிக்குத் தடிமன் வழியே எளிது.

சந்தையில் கிடைக்கும் வளைவு சென்சாரையே வாங்கி ஒட்டக்கூடாதா என்று உங்கள் கைடு கேட்பார். ஆரோக்கியமான விரல் என்றால் தாராளமாக ஒட்டலாம். ஆனால் அது விறைப்பான பிளாஸ்டிக் பட்டை, நீளாது. பலம் குறைந்த விரல் மடங்குவதற்கு முன் அந்தப் பட்டையோடு மல்லுக்கட்டவேண்டும். அளக்கிற கருவியே தடுத்தால் அளந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை. சிலிக்கோனிலும் இதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கவேண்டும். லேபில் எல்லாரும் பயன்படுத்துவது சில்கார்ட் 184. நல்ல தெளிவு, ஆனால் விறைப்பு. 10 மில்லிமீட்டர் அகலம், 1 மில்லிமீட்டர் தடிமன் உள்ள பட்டையை 26 சதவீதம் இழுக்கவே சுமார் அரைக் கிலோ எடையின் விசை தேவைப்படும். இகோஃப்ளெக்ஸ் 00-30 என்ற மென்மையான சிலிக்கோனில் அதே பட்டையை இரண்டு மடங்காக இழுத்தாலும் சுமார் 70 கிராம்தான். பிய்வதற்கு முன் 900 சதவீதம்வரை நீளும். இகோஃப்ளெக்ஸை எடுங்கள். சற்றே மங்கலாக இருக்கும், நாம் கருப்புச் சாயம் கலக்கப்போவதால் பரவாயில்லை.

செய்முறை பெரிய கம்பசூத்திரம் இல்லை. ஏ, பி என்ற இரண்டு திரவங்களைச் சம எடையில் கலக்கவேண்டும். சிலிக்கோனுக்கென்றே விற்கும் கருப்பு நிறப் பசையை ஊசி முனை அளவு முதலில் ஏ பகுதியில் கரைத்து, கோடு கோடாக இல்லாமல் ஒரே நிறமாகும்வரை கிண்டி, அப்புறம் பி. விளக்குக் கரியைப் போட்டால் திரிதிரியாக நிற்கும், வேண்டாம். கலந்ததும் குமிழி வரும். குமிழி என்றால் காற்று, காற்று என்றால் சிதறல் என்று இப்போது உங்களுக்கே தெரியும். வேக்யூம் (காற்றை உறிஞ்சி எடுக்கும் கலம்) இருந்தால் அதில் ஐந்து நிமிடம் வையுங்கள். இல்லாவிட்டால் ஓரடி உயரத்திலிருந்து நூல் மாதிரி மெல்லிய தாரையாக ஊற்றுங்கள், பெரிய குமிழிகள் வழியிலேயே உடைந்துவிடும். இகோஃப்ளெக்ஸோடு வரும் குறிப்பில் கையாளும் நேரம் 45 நிமிடம் என்றும் கெட்டிப்பட 4 மணி நேரம் என்றும் போட்டிருக்கும். அது 23 டிகிரி அறைக்கு. நம் ஊர் கோடையில் அந்த 45 நிமிடம் கிடைக்காது, காலையில் சீக்கிரம் செய்துவிடுங்கள்.

அச்சுக்கு இரண்டு கண்ணாடித் துண்டு, ஓரங்களில் இடைவெளிக்கு மைக்ராஸ்கோப் ஸ்லைடு. ஸ்லைடின் தடிமன் சுமார் 1 மில்லிமீட்டர், நமக்குத் தேவையானது அதுதான். கண்ணாடியின் உள்பக்கம் ஓஎச்பி ஷீட் (தெளிவான பிளாஸ்டிக் தாள்) போட்டால் ரப்பர் ஒட்டாமல் உரிந்து வரும்.

இதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இந்த வகைச் சிலிக்கோன் கெட்டிப்படுவது பிளாட்டினம் வினையூக்கியால். கந்தகம் பட்டால் அந்தப் பிளாட்டினம் செத்துவிடும். நான் முதன்முதலில் வார்த்தபோது இரண்டு கண்ணாடியையும் சேர்த்துப் பிடிக்க சாதாரண ரப்பர் பேண்ட் போட்டிருந்தேன். அடுத்த நாள் பிரித்தால், தாள் முழுக்க நன்றாக இறுகியிருந்தது, ரப்பர் பேண்ட் தொட்ட இடத்தில் மட்டும் இரண்டு கோடு பலாப்பால் மாதிரி பிசுபிசுவென்று இழுத்தது. இரண்டு நாள் வைத்தும் காயவில்லை. இயற்கை ரப்பரை வலுவாக்கக் கந்தகம் சேர்ப்பார்கள், அது தொட்ட இடத்தையெல்லாம் கெடுத்துவிட்டது. ஆகவே ரப்பர் பேண்ட் வேண்டாம், லேடெக்ஸ் கையுறை வேண்டவே வேண்டாம். வினைல் கையுறை போடுங்கள். தாளைப் பிடிக்கத் துணிக் கிளிப் போதும்.

பட்டையை மாட்டும் விதம். மூட்டுக்கு மேலேயே எல்இடியை வைக்காதீர்கள், மடங்கும்போது எல்லாம் இடம் மாறும். பட்டையின் ஒரு முனையை விரல் நுனியில் ஒரு துணித் தொப்பியோடு தையுங்கள். மறு முனையை மணிக்கட்டுப் பட்டையில் கோர்த்துவிடுங்கள். நடுவில் 60 மில்லிமீட்டர் மட்டும் இழுபடட்டும், மீதியை நீளாத துணியாக வைத்துவிடலாம். புறங்கையில், தட்டையான இடத்தில் ஒரு சின்னக் கருப்புப் பெட்டி. அதற்குள் பட்டை புகுந்து போகும், மேலே சிவப்பு எல்இடி, கீழே போட்டோடயோடு. விரல் எங்கே மடங்கினாலும் இழுவை பட்டை முழுக்கப் பரவி அங்கே வந்துவிடும். பட்டையின் அடியில் கொஞ்சம் முகப்பவுடர் தூவினால் தோலில் ஒட்டாமல் வழுக்கும். எண் ஒருநாள் நன்றாகவும் மறுநாள் மோசமாகவும் வந்தால் முதலில் இந்த ஒட்டலைத்தான் சந்தேகப்படவேண்டும்.

எல்இடி சூடானால் அதன் வெளிச்சம் குறையும், அதை விரல் நிமிர்ந்ததாக உங்கள் கருவி நினைத்துக்கொள்ளும். இதற்கு ஒரு நல்ல வழி, அதே பெட்டியில் இன்னொரு போட்டோடயோடு. அதே தாளிலிருந்து வெட்டிய, ஆனால் இழுபடாத துண்டு ஒன்றின் வழியாக அது அதே எல்இடியைப் பார்க்கட்டும். முதல் எண்ணை இரண்டாவது எண்ணால் வகுத்துவிடுங்கள். எல்இடி மங்குவது இரண்டிலும் சமமாக இருப்பதால் அடிபட்டுப் போகும். வெளி வெளிச்சத்துக்கு வேறு வழி. எல்இடியை எரியவிட்டு ஒரு தடவை, அணைத்துவிட்டு ஒரு தடவை படித்து, கழித்துவிடுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரிலும் இந்தக் கழித்தல் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்குகள் நொடிக்கு 100 தடவை துடிக்கும். எரியும்போது 10 மில்லிநொடி, அணைந்தபோது 10 மில்லிநொடி என்று சராசரி எடுத்தால் அந்தத் துடிப்பு முழு அலையாக அடங்கிவிடும்.

புதுப் பட்டையை நேராக அளக்கப் போகாதீர்கள். ரப்பரை முதல் தடவை இழுக்கும்போது ஒரு விறைப்பு இருக்கும், அடுத்தடுத்த தடவைகளில் தளர்ந்துவிடும். முலின்ஸ் விளைவு என்று பெயர். டயர் வேலை தெரிந்தவர்களைக் கேட்டால் விளக்கமாகவே சொல்வார்கள், வெள்ளரிப்பட்டியில் டயர் ஆலை இருக்கிற ஊர் நம்முடையது. அளக்கப்போகும் இழுவையைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஒரு இருபது முப்பது தடவை இழுத்துப் பழக்கிவிட்டு ஆரம்பியுங்கள். அப்புறம் ஜியாமெட்ரி பாக்ஸ் கோணமானியை ஒரு அட்டையில் ஒட்டி, 0, 10, 20 என்று 90 வரை மடக்கி எண்ணை எழுதுங்கள். 90-லிருந்து திரும்ப 0 வரைக்கும் நீட்டி எழுதுங்கள். போகும்போது 40 டிகிரியில் வந்த எண்ணும் வரும்போது 40-ல் வந்த எண்ணும் எவ்வளவு விலகுகிறதோ அதுதான் உங்கள் கருவியின் உண்மையான தரம். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் ஏறுமுகக் கோட்டை மட்டும் போட்டுவிட்டு இறங்குமுகத்தை மறைப்பவர்கள் உண்டு. நீங்கள் இரண்டையும் போடுங்கள்.

அப்பத்தா கையில் மாட்டும்போது சில விஷயம். பக்கவாதம் வந்த கையில் தொடு உணர்வு குறைந்திருக்கலாம். இறுக்கினால் அவருக்கு வலிக்காமல் போகலாம், அதனால் அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பதை வைத்து நிம்மதியாக இருக்காதீர்கள். கை வீங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு தடவைக்கு இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கழற்றியதும் தோலில் சிவந்த தடம் இருந்து, சீக்கிரம் மறையவில்லை என்றால் அடுத்த தடவை தளர்த்தவேண்டும். ஆரம்பிப்பதற்கு முன்னால் அவருடைய பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிடுங்கள். எந்த விரல், எந்த மூட்டு, எவ்வளவு மடங்கலாம் என்பதை அவர் சொல்லட்டும், எண்ணை மட்டும் நாம் கொடுப்போம்.

இன்னொரு யோசனை. எண் உங்களுக்கும் பிசியோதெரபிஸ்டுக்கும் வேண்டும், அப்பத்தாவுக்கு அது எதற்கு? அவருக்குக் கண்ணால் பார்க்கிற மாதிரி ஒன்று இருந்தால் ஆசையாகச் செய்வார். நாலாவதாகச் சொன்ன வெடிப்பு முறையைக் கையாலேயே பெரிதாகச் செய்யலாம். சிவப்பு இகோஃப்ளெக்ஸ் பட்டை ஒன்று, அதன் மேல் மெல்லிய கருப்புப் பட்டை ஒன்று, இரண்டையும் ஓரங்களில் மட்டும் ஒட்டுங்கள். கருப்புப் பட்டையில் இழுக்கும் திசைக்குக் குறுக்காக 5 மில்லிமீட்டர் நீளத்தில் பிளேடால் கீறுங்கள். கீறலின் இரண்டு முனையிலும் சின்ன வட்டத் துளை போட்டால் அங்கிருந்து கிழியாது. விரல் நீட்டியிருக்கும்போது கீறல் மூடி முழுக்கக் கருப்பாக இருக்கும். மடக்க மடக்க கீறல் கண் இமை மாதிரி திறந்து உள்ளே சிவப்பு தெரியும். முழுதாக மடங்கினால் சுமார் இரண்டு மில்லிமீட்டர் திறக்கும், வாசலில் உட்கார்ந்திருக்கிறவருக்குப் பட்டப்பகலில் நன்றாகவே தெரியும். இதற்குக் கரண்டும் வேண்டாம், போனும் வேண்டாம். சென்சார் தயாராகும்வரை இதை முதலில் செய்து கொடுத்துவிடுங்கள்.

முதல் பட்டையை உங்கள் விரலிலேயே மாட்டி, ஏறுமுகமும் இறங்குமுகமுமாகப் பத்துப் பத்து டிகிரிக்கு வந்த எண்களையும், பட்டை இழுபடாதபோது வந்த எண்ணையும் எழுதி அனுப்புங்கள். கருமையைக் கூட்டவேண்டுமா குறைக்கவேண்டுமா, பட்டை எங்காவது ஒட்டுகிறதா என்று அதைப் பார்த்தே சொல்லிவிடுகிறேன்.